கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கலாமா? கேள்விகளுக்கு ஒரு வக்கீலின் பதில்கள்

போதைப்பொருள் வழக்குகளில் பல வருடங்களாக ஆஜராகி வருகிறேன், பெரும்பாலும் குற்றம் சாட்டப்பட்டவர்கள் தரப்பில். "கேளுங்கள், சொல்கிறேன்" என்று சொன்னது தப்பாகிவிட்டது, கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி கேட்டவர்களைச் சேர்த்துவிட்டேன்.

சார், ஒரு கிலோ வரை கையில் வைத்திருந்தால் கேஸ் கிடையாதாமே? ஹாஸ்டலில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

பொய், தம்பி. இந்த ஒரு வதந்தியை நம்பி மாட்டிய பையன்கள் எத்தனையோ பேர். ஒரு கிலோ என்பது 'சிறிய அளவு' என்பதற்கான வரம்பு, அனுமதி இல்லை. ஒரே ஒரு பொட்டலம் இருந்தாலும் குற்றம்தான்: ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கிலோவுக்கு மேல் 20 கிலோவுக்குள் என்றால் 10 ஆண்டு வரை போகலாம். 20 கிலோவைத் தாண்டிவிட்டால் குறைந்தபட்சமே 10 ஆண்டு, அதிகபட்சம் 20. அதைவிடக் கொடுமை 1985-ம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 37-வது பிரிவு. 20 கிலோவுக்கு மேற்பட்ட வழக்கில், "இவர் குற்றம் செய்திருக்க மாட்டார் என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது" என்று நீதிபதிக்குத் தோன்றினால்தான் ஜாமீன். விசாரணையே ஆரம்பிக்காத நிலையில் அதை எப்படிக் காட்டுவது? ஆந்திரா-ஒடிசா எல்லையிலிருந்து ரயிலில் மூட்டை தூக்கி வந்த கூலிக்காரன் அப்படியே உள்ளே கிடப்பான். சரக்கின் முதலாளியை நான் கோர்ட்டில் பார்த்தது அபூர்வம்.

காசியிலும் ஜெய்சல்மேரிலும் அரசு லைசென்ஸோடு பாங்கு கடை இருக்கிறதே, அது மட்டும் எப்படி?

அதே 1985-ம் ஆண்டுச் சட்டத்தில் கஞ்சா என்றால் செடியின் பூக்கும், காய்க்கும் நுனிப்பகுதி. அந்த நுனி சேராத வெறும் இலையும் விதையும் வரையறைக்கு வெளியே. பாங்கு என்கிற போதைப்பண்டம் கஞ்சா இலையை வைத்துச் செய்வது, அதனால் மத்தியச் சட்டம் அதைத் தொடவில்லை, மாநிலங்களின் கையில் விட்டுவிட்டது. உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் லைசென்ஸ் தருகின்றன. "காசியில் வாங்கினேன்" என்று பையில் வைத்து இங்கே கொண்டுவந்து வம்பை விலைக்கு வாங்காதீர்கள்.

இந்த வரையறை எங்களுக்குக் கோர்ட்டிலும் உதவும். இலை, தண்டு, காம்பு எல்லாவற்றையும் சேர்த்துத் தராசில் போட்டு 21 கிலோ என்று எழுதியிருப்பார்கள். பூவை மட்டும் பிரித்தால் எத்தனை கிலோ நிற்கும் என்று கேட்போம். அந்தக் கேள்வியிலேயே ஜாமீன் கிடைத்த வழக்குகள் உண்டு.

1985 வரை நம் நாட்டில் கஞ்சா சுதந்திரமாகத்தானே இருந்தது? அமெரிக்கா மிரட்டித்தான் தடை செய்தோம் என்கிறார்களே அண்ணா?

பாதிக் கதை. முதலில், சுதந்திரமாக எல்லாம் இல்லை. வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே லைசென்ஸ், கலால் வரி என்று கட்டுப்பாடு இருந்தது. 1893-94-ல் இதற்கென்றே ஒரு கமிஷன் போட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்துவிட்டு, அளவாகப் பயன்படுத்தினால் பெரிய தீங்கில்லை, முழுத் தடை வேண்டாம், வரி போட்டுக் கட்டுப்படுத்துங்கள் என்று சொன்னது அந்தக் கமிஷன். இப்போது படித்தாலும் நிதானமான அறிக்கைதான்.

அப்புறம் 1961-ல் ஐ.நா. ஒப்பந்தம் வந்தது, கஞ்சாவை ஹெராயினோடு ஒரே பட்டியலில் போட்டது. பாரம்பரியப் பழக்கம் உள்ள நாடுகளுக்கு அதை நிறுத்த 25 ஆண்டு அவகாசம். ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது 1964 டிசம்பரில், ஆக 1989 வரை நேரம் இருந்தது. நாம் நான்கு வருடம் முன்னாலேயே சட்டம் போட்டுவிட்டோம். ஒரு பக்கம் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இன்னொரு பக்கம் பர்மா, நடுவில் நம் வழியாக ஹெராயின் போய்க்கொண்டிருந்த காலம் அது. ஹெராயினுக்கு விரித்த வலையில் கஞ்சாவும் சேர்ந்து விழுந்தது என்பது என் கருத்து. இதையும் கவனியுங்கள்: 2020 டிசம்பரில் ஐ.நா. ஆணையம் மிகக் கடுமையான பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுத்தபோது 27-க்கு 25 என்று ஓட்டு விழுந்தது, இந்தியா ஆதரவாக ஓட்டுப் போட்டது. உள்ளூர்ச் சட்டத்தில் கஞ்சா பற்றி ஒரு வரிகூட மாறவில்லை.

என் மகனுக்கு ஆறு வயது, வலிப்பு நிற்கவே இல்லை. கஞ்சா எண்ணெய் கொடுத்தால் சரியாகும் என்று ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

அம்மா, தெரியாத ஆளிடம் எண்ணெய் வாங்காதீர்கள். அவர் சொல்வதில் ஒரு துளி உண்மை இருப்பதுதான் ஆபத்து. கஞ்சாச் செடியில் போதை தருவது டி.எச்.சி. போதை தராத சி.பி.டி. என்று இன்னொன்று உண்டு. அதைச் சுத்திகரித்துச் செய்த ஒரு மருந்துக்கு 2018-ல் அமெரிக்கா ஒப்புதல் கொடுத்தது, டிராவே நோய்க்குறி மாதிரி மிக அரிதான, கடுமையான இரண்டு வகைக் குழந்தை வலிப்புக்கு. எல்லா வலிப்புக்கும் இல்லை. அதையும் ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை செய்துகொண்டேதான் கொடுக்கிறார்கள். பாட்டிலில் வருகிற எண்ணெயில் சி.பி.டி. எவ்வளவு, டி.எச்.சி. எவ்வளவு என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள், திட்டினாலும் பரவாயில்லை. இப்போது கொடுக்கும் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். மருத்துவ, ஆராய்ச்சி நோக்கத்துக்கு நம் சட்டத்தின் 8-வது பிரிவே வழி விட்டிருக்கிறது. அந்த வழியில் நடப்பதுதான் குறைவு.

டாஸ்மாக்கை நடத்தும் அரசு கஞ்சாவை மட்டும் ஏன் தடுக்கிறது? சாராயத்தால் யாரும் சாகவில்லையா?

அதிகம் பேர் கேட்டது இதுதான். குடியால் ஈரல் கெட்டுச் சாகிறவர்களோடு ஒப்பிட்டால் கஞ்சா சின்னப் பிசாசு என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வாதத்தை அப்படியே திருப்பிப் போட்டுப் பாருங்கள். 21 வயதுக்குக் கீழே விற்கக்கூடாது என்று டாஸ்மாக்கிலும் விதி இருக்கிறது. கவுண்டரில் யாராவது அடையாள அட்டை கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? கனடாவில் 2018-ல் அனுமதித்தார்கள், கியூபெக் மாகாணத்தில் அரசு நிறுவனமே கடை நடத்துகிறது, 21 வயது ஆகவேண்டும், விளம்பரம் கிடையாது. காகிதத்தில் நம் டாஸ்மாக்கும் அதேதான். வித்தியாசம், அங்கே விதியை மதிக்கிறார்கள்.

அதனால் கடை திறக்க நான் ஆதரவு இல்லை. ஆனால் பொட்டலம் வைத்திருந்த 20 வயதுப் பையனைச் சிறைக்கு அனுப்புவதை நிறுத்தவேண்டும், அபராதமும் ஆலோசனையும் போதும். "ஒன்று தடை, இல்லையென்றால் கடை" என்று பேசுகிறோமே, நடுவில் எவ்வளவோ படிகள் இருக்கின்றன.

தாய்லாந்து திறந்துவிட்டதே?

திறந்தது, பிறகு பாதி மூடியது. 2022 ஜூனில் போதைப்பட்டியலிலிருந்து எடுத்தார்கள், ஆனால் எப்படி விற்பது என்ற சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறவே இல்லை. தெருவுக்குத் தெரு கடை முளைத்தது. 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு கட்டாயம் என்று உத்தரவு போட்டார்கள். குதிரையை அவிழ்த்துவிட்டு லாயம் கட்டப் போன கதை.

நான் சிங்கப்பூர் நிரந்தரவாசி. பாங்காக்கில் ஒரு தடவை இழுத்தால் என்ன ஆகும்?

வேண்டாம். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் பயன்படுத்தினாலும் சிங்கப்பூரில் குற்றம். திரும்பி வரும்போது சிறுநீர்ப் பரிசோதனை நடக்கலாம். கடத்தலில் 500 கிராமைத் தாண்டினால் மரண தண்டனை. 2023 ஏப்ரலில் ஒரு கிலோ கஞ்சா வழக்கில் தூக்கிலிடப்பட்டவர் ஒரு தமிழர். சரக்கு அவர் கையில் பிடிபடவில்லை, அவர் மீதான வழக்கில் போன் எண் ஒரு முக்கிய ஆதாரம்.

17 வயது மகன் புகைக்கிறான். போலீஸிடம் சொல்லிப் பயமுறுத்தலாமா?

மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். பழகுகிறவர்களில் பத்தில் ஒருவர் அடிமையாகிறார் என்றால், பதின்ம வயதில் தொடங்கியவர்களில் ஆறில் ஒருவர். குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அரசு அல்லது அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால், அடிமையானவர் மீது பயன்பாட்டுக்காகவோ சிறிய அளவுக்காகவோ வழக்கு நடத்தாமலிருக்க 64-ஏ பிரிவு இடம் தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடலாம். இந்தப் பிரிவைக் கேள்விப்படாத பெற்றோர்தான் அதிகம்.

மாடித்தோட்டத்தில் தானாக ஒரு செடி முளைத்திருக்கிறது, இலையைப் பார்த்தால் அதேதான். ஒரே ஒரு செடிதானே?

வளர்ப்பதற்குக் கிலோ கணக்கெல்லாம் கிடையாது, 10 ஆண்டு வரை தண்டனை உண்டு. இன்றைக்கே பிடுங்கிப் போடுங்கள். போட்டோ எடுத்து எனக்கு அனுப்பவேண்டாம்.