மகள் கணிதம் படிக்கப் போகிறாள் என்றால் வீட்டில் போட வேண்டிய கணக்கு

அக்கா, போன ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் கூட்டம் கலைந்ததும் என்னை ஓரமாக அழைத்து, "நாலு வருசம் கணக்குப் படிச்சிட்டு வந்து இவ என்னா வேல பார்ப்பா?" என்று கேட்டீர்கள். சுற்றி ஆட்கள் நின்றதால் அரைகுறையாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

முதலில் கட்டணம். நம் மலேசியாவின் பொது விண்ணப்ப முறையான யூ.பி.யூ. வழியாக அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் கட்டணம் உங்களை முடக்கிப் போடாது. படிப்புச் செலவின் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்கிறது. விடுதி, சாப்பாடு, மடிக்கணினி, விடுமுறைக்கு வந்துபோகும் டிக்கெட் என்றுதான் காசு கரையும். இதற்கு பி.டி.பி.டி.என். என்ற அரசாங்கக் கல்விக் கடன் வாங்கலாம். அதற்கு முன் அவள் பெயரில் எஸ்.எஸ்.பி.என். என்ற கல்விச் சேமிப்புக் கணக்கு ஒன்று திறக்க வேண்டும்.

அந்தக் கடனுக்கு ஆண்டுக்கு 1 விழுக்காடு சேவைக் கட்டணம். 20,000 வெள்ளி (ரிங்கிட்) வாங்கி 10 ஆண்டில் கட்டினால் 2,000 வெள்ளி கூடும். மாதம் 183 வெள்ளி சொச்சம். வேலைக்குப் போகும் பெண்ணுக்கு இது தாங்கும். முதல் வகுப்பில் தேறினால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, கடனைத் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். கணிதத்தில் முதல் வகுப்பு வாங்குவது லேசு இல்லை.

யாரும் கணக்கில் சேர்க்காத செலவு வேறு ஒன்று. மகள் இன்றைக்கே ஈப்போ பக்கம் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தால், 2025-இல் வந்த குறைந்தபட்சச் சம்பளப்படி மாதம் 1,700 வெள்ளி. நான்கு ஆண்டுக்கு 81,600. முதலாளி போடும் 13 விழுக்காடு இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) தனியாக 10,600 சொச்சம். இரண்டையும் சேர்த்தால் ஏறக்குறைய 92,000 வெள்ளி உங்கள் வீட்டுக்கு வராமல் போகிறது. இந்தப் பட்டத்தின் உண்மையான விலை அதுதான். உங்கள் தம்பி, "வேலைக்கு அனுப்பு" என்று சொல்வதை நான் குறை சொல்லமாட்டேன். அவர் அந்தத் தொகையைத்தான் பார்க்கிறார்.

சரி, திரும்பி வருமா? பட்டத்தால் மாதம் 1,000 வெள்ளி கூடுதலாகச் சம்பாதிக்கிறாள் என்று வையுங்கள். 92 மாதம், அதாவது எட்டு ஆண்டுக்குள் அந்தத் தொகை வீடு வந்து சேரும். அப்போது அவளுக்கு 32 வயது இருக்கும். தனியார் துறையில் ஓய்வு வயது 60. மிச்ச 28 ஆண்டும் லாபம். ஆனால் பட்டம் வாங்கியும் 2,000 வெள்ளி வேலையிலேயே நின்றுவிட்டால் இந்தக் கணக்கு கவிழ்ந்துவிடும். அப்படிக் கவிழ்ந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், அக்கா. படிப்பில் குறை இல்லை. கணிதத்தோடு கூட வேறொன்றையும் கற்றுக்கொள்ளாமல் வெளியே வந்தவர்கள் அவர்கள்.

அதற்கு முன், மகள் இதற்கு ஏற்ற ஆள்தானா என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆறாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.டி.பி.எம்.மின் கணிதம் பெரும்பாலும் விடை கண்டுபிடிக்கும் கணிதம். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு வந்ததும் "ஏன் அப்படி?" என்று நிரூபிக்கச் சொல்வார்கள். அங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். கணக்குப் புலி என்று பள்ளியில் பெயர் வாங்கிய பிள்ளைகள்கூட அந்த ஆண்டில் அழுதுகொண்டே எனக்கு போன் போட்டிருக்கிறார்கள். அதனால் உங்கள் மகளிடம் மதிப்பெண்ணை நான் கேட்கவில்லை. இரண்டு ஒற்றைப்படை எண்களைக் கூட்டினால் ஏன் எப்போதும் இரட்டைப்படை வருகிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் மேலே பார்த்தாள். "ஒவ்வொன்னையும் ஜோடி ஜோடியா அடுக்கினா கடைசியில ஒன்னு மிஞ்சும் டீச்சர். அந்தப் பக்கமும் ஒன்னு மிஞ்சும். ரெண்டும் ஜோடி சேர்ந்துக்கும்" என்றாள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் வந்த பதில் அது. எஸ்.டி.பி.எம். கணிதப் பாடமான மேத்ஸ் டி-யில் பி பிளஸ் வாங்கியிருக்கிறாளே என்று நீங்கள் கவலைப்பட்டீர்கள். எனக்கு அந்தப் பதில் போதும்.

இப்போது கணிதத்தோடு கூடக் கற்க வேண்டியதற்கும் அவளுக்கு முன்னால் இருக்கும் மூன்று வழிகளுக்கும் வருவோம். வழி ஒன்று, புள்ளியியலும் நிரல் எழுதுவதும். பைத்தான், எஸ்.கியூ.எல். என்ற கணினி மொழிகள் இரண்டும் கைவசம் இருந்தால் வங்கி, காப்புறுதி, தொலைத்தொடர்பு என்று பல இடங்களில் தரவு வேலைக்கு விண்ணப்பம் போடலாம். இரண்டாம் ஆண்டிலேயே தொடங்க வேண்டும், கடைசி ஆண்டில் ஓடிப்பிடித்துப் பயனில்லை. நீண்ட பருவ விடுமுறையில் வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்ளாமல் ஒரு நிறுவனத்தில் பயிற்சிக்குப் போகச் சொல்லுங்கள். உங்களுக்கு மனசு வராது, தெரியும்.

வழி இரண்டு, ஆக்சுவரி. காப்புறுதி நிறுவனம் எவ்வளவு சந்தா வாங்க வேண்டும், எவ்வளவு இருப்பு வைக்க வேண்டும் என்று கணிக்கும் வேலை. யாரோ உங்களிடம் "அதுல கொட்டும்" என்று சொல்லியிருக்கிறார்கள். சம்பளம் நன்றாக இருக்கும் என்பது மெய். ஆனால் பட்டத்தோடு வேலை முடிவதில்லை. அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ உள்ள தொழில்முறைச் சங்கத்தின் தேர்வுகளை ஒவ்வொன்றாக எழுத வேண்டும், வேலை பார்த்துக்கொண்டே பல ஆண்டு. தேர்வுக் கட்டணம் வெளிநாட்டுப் பணத்தில். வேலையும் பெரும்பாலும் கோலாலம்பூரில், அங்கே அறை வாடகையே சம்பளத்தைத் தின்னும். நல்ல சேதி என்னவென்றால், இதற்கு ஆக்சுவரி பட்டமே வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கணிதம் படித்துக்கொண்டே நிகழ்தகவுத் தேர்வை எழுதிப் பார்க்கலாம். பிடித்தால் தொடரட்டும்.

வழி மூன்று, ஆசிரியர். "டீச்சர் வேலதானே" என்று நீங்கள் சொன்ன தொனி எனக்குப் பிடிக்கவில்லை, சொல்லிவிடுகிறேன். தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் கணிதக் கல்விப் பட்டம் இருக்கிறது. நம் பேராக் மாநிலத்திலேயே, நம் சுங்கை சிப்புட்டிலிருந்து தெற்கே ரயில் பாதையில்தான் அந்த ஊர். இந்தப் படிப்புக்கு நேர்முகத் தேர்வு உண்டு. முதல் பணியிடம் சபாவாகவோ சரவாக்காகவோ இருக்கலாம். அதை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதிர்ச்சியடைய வேண்டாம்.

என் கருத்தைக் கேட்டால், யூ.பி.யூ. பட்டியலில் மலாயாப் பல்கலைக்கழகம், பினாங்கில் உள்ள யூ.எஸ்.எம். (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) இரண்டிலும் கணிதத்தையும் புள்ளியியலையும் மேலே போடட்டும், தஞ்சோங் மாலிமை அடுத்து வைக்கட்டும். மூயெட் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்ணை ஒவ்வொரு படிப்பின் தகுதியோடும் ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் உங்கள் வீட்டுக்கு அந்த ஏஜெண்ட் கொண்டுவந்த தனியார் கல்லூரிச் சேர்க்கைத் தாள். கையெழுத்துப் போட வேண்டாம். நானும் 19 வயதில் அப்படி ஒரு வழவழப்பான தாளை நம்பி ஒரு கல்லூரியில் சேர்ந்தவள்தான். பெயர் வேண்டாம். அங்கே வாங்கிய சான்றிதழுக்கு எந்த அலுவலகத்திலும் மதிப்பில்லை என்று தெரிய எனக்கு இரண்டு ஆண்டு ஆனது. இப்போது படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் எம்.கியூ.ஏ. அமைப்பின் பதிவேட்டை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், ஐந்து நிமிட வேலை. அங்கீகாரம் இருந்தாலும் தொகையைப் பாருங்கள். அதே 1 விழுக்காட்டில் 60,000 வெள்ளி கடனை 20 ஆண்டில் கட்டினால் மொத்தம் 72,000. மாதம் 300 வெள்ளி என்று ஏஜெண்ட் லேசாகச் சொல்வார். மகளுக்கு 24-இல் தொடங்கி 44 வயது வரை ஓடும் கடன் அது.

உங்கள் வீட்டுக்காரர், அண்ணனின் இ.பி.எஃப். பணத்தைப் பிள்ளையின் படிப்புக்கு எடுக்கலாம் என்று சட்டம் இடம் கொடுக்கிறது. எடுக்காதீர்கள். நீங்கள் இருப்பது தோட்டத்து வீடு. அண்ணன் வேலையை விட்ட மறுநாளே வீடு நமக்குச் சொந்தமில்லை. நானும் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்தவள், சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு எங்கே இறக்குவது என்று தெரியாமல் நின்ற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பணம் ஒரு கூரைக்கானது. மகள் கடன் வாங்கிப் படித்து அவளே கட்டட்டும்.

ஒன்று மறந்துவிட்டேன். சின்னவள் நான்காம் படிவம்தானே? அவளுக்குத் தமிழ்ப்பள்ளியில் கணிதம் சொல்லித்தர ஆசை என்றாள். ஆசிரியர் பயிற்சிக் கழகத்துக்கு ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடித்த கையோடு விண்ணப்பிக்கலாம், உதவித்தொகையும் தருகிறார்கள். ஆனால் எஸ்.பி.எம்.மில் தமிழ்மொழிப் பாடம் எடுத்திருக்க வேண்டும். பள்ளியில் நேரம் இல்லை என்று சொல்லி அவளை விடச் சொல்கிறார்களாம். விடக் கூடாது என்று அவள் வகுப்பாசிரியரிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். தேவையானால் அடுத்த சனிக்கிழமை நானும் வருகிறேன்.