கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையிலிருந்து தள்ளியிருந்தாலும் பென்சீன் நம் மூச்சில் கலக்குமா?

கலக்கும். பென்சீன் என்பது எளிதில் ஆவியாகும் ஒரு ரசாயனம். சிப்காட்டை ஒட்டிய குடிகாடு பக்கம் ஆலைக் காற்றும் சேர்கிறது என்பது உண்மைதான். ஆனால் தள்ளி, நகருக்குள் மஞ்சக்குப்பத்தில் இருப்பவருக்கும் பென்சீன் உண்டு. முக்கியமான வழி பெட்ரோல். இப்போது விற்கும் பெட்ரோலில் 1 சதவீதம் வரை பென்சீன் இருக்கலாம். பெட்ரோல் பங்கில் டேங்க் மூடியைத் திறந்ததும் குப்பென்று அடிக்கிற ஆவியில் அதுவும் இருக்கிறது. பெட்ரோல் போடும்போது குனிந்து டேங்குக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். முன்னால் குழந்தை உட்கார்ந்திருந்தால் இறக்கித் தள்ளி நிறுத்துங்கள், தயவுசெய்து. ராத்திரி வண்டியை வீட்டுக்குள் ஏற்றி வைத்தால் ஆவி அறைக்குள்ளேயே தங்கும். வாசலிலேயே விடுவது நல்லது.

அப்புறம் சிகரெட். பிடிப்பவருக்குப் பெரும்பங்கு பென்சீன் அதிலிருந்துதான் வருகிறது, பக்கத்தில் இருப்பவருக்கும் கொஞ்சம் போகிறது. விறகடுப்புப் புகையிலும் உண்டு.

நீண்ட நாள் சுவாசித்தால் ரத்தப் புற்றுநோய் வரலாம். அதனால்தான் இந்தியாவில் ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டர் காற்றுக்கு 5 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள்.