காலணியை வீட்டுக்குக் கொண்டுபோங்கள்

கேள்வி: கோத்தகிரி அருகே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் 12 ஆண்டுகளாகக் கணக்கராக இருக்கிறேன். வயது 39. வரும் தீபாவளி முடிந்ததும் வேலையை விட்டுவிட்டு, நர்மதை நதியைக் கரையோரமாகச் சுற்றி வரும் யாத்திரையான நர்மதை பரிக்கிரமாவை முழுவதும் நடந்தே முடிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஐந்து மாதம் ஆகும். பணிக்கொடையும் பி.எஃப். பணமும் வீட்டைப் பார்த்துக்கொள்ளும். மகள் ஜூனில் பத்தாம் வகுப்புக்குப் போகிறாள். அம்மாவுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. மனைவி குறை சொல்கிறவள் அல்ல. போன ஆடித் தள்ளுபடியில் கோவையில் வாங்கிய மலையேற்றக் காலணியை அலுவலக பீரோவில் வைத்திருக்கிறேன். ஆட்கள் போன பிறகு, கொழுந்து வாட்டும் தொட்டிகளுக்கு நடுவே போட்டு நடந்து பார்ப்பதுண்டு. உடம்பை எப்படித் தயார் செய்வது? வேலையை விடுவது சரியா?

பதில்: உங்கள் கடிதம் மூன்று பக்கம், இங்கே சுருக்கி அச்சிட்டிருக்கிறோம். அந்த மூன்று பக்கத்திலும் உங்கள் நிலைமையை உள்ளபடி சொல்லும் வரி ஒன்றுதான், காலணி அலுவலக பீரோவில் இருக்கிறது என்பது. வேறெதையோ சொல்ல வந்த இடத்தில் அதையும் சொல்லிவிட்டீர்கள். எட்டு மாதமாக வீட்டு வாசற்படியைப் பார்க்காத காலணியை வைத்துக்கொண்டு, 1,312 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு நதியின் இரு கரையையும் நடப்பதற்கு என்னிடம் யோசனை கேட்கிறீர்கள்.

மனைவி குறை சொல்கிறவர் அல்ல என்கிறீர்கள். குறை சொல்வதற்கு அவருக்கு முதலில் விஷயம் தெரிய வேண்டும். தெரிந்திருந்தால் அந்தக் காலணி வீட்டில் மற்ற செருப்புகளோடு கிடந்திருக்கும். மகள் ஒருநாள் அதில் காலை நுழைத்துப் பார்த்துச் சிரித்திருப்பாள். விலை எவ்வளவு என்று உங்கள் அம்மா இரண்டு முறை கேட்டிருப்பார். ஆட்கள் போகும்வரை காத்திருந்து, யாரும் இல்லாத கூடத்தில் நடந்து பார்த்துவிட்டு, துடைத்துப் பெட்டிக்குள் திரும்ப வைக்கும் மனிதர் பயணத்துக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறார் என்று நான் நம்பவில்லை. வீட்டுக்கு ஒளித்து ஒரு காரியம் பண்ணப் பழகிக்கொண்டிருக்கிறார். இதைக் கேட்க உங்களுக்குக் கசக்கும்.

என் தகப்பனார் ஒருமுறை சொல்லிக்கொள்ளாமல் காசிக்குப் போய்விட்டு, போய்ச் சேர்ந்த பிறகு கடிதம் போட்டார். அந்தக் கடிதம் வந்து சேரும்வரை பதினோரு நாளும் அம்மா அவருக்கும் சேர்த்தே உலை வைத்தார். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி, காலையில் அதையே தான் சாப்பிட்டார். கங்கையில் முழுகிய புண்ணியம் அப்பாவுக்குக் கிடைத்ததா என்பது எனக்குத் தெரியாது. அந்தப் பழைய சோற்றை நான் மறக்கவில்லை.

பாதயாத்திரை நம் ஊருக்குப் புதிதல்ல. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்கள் வீட்டார் முன்னிலையில் மாலை போட்டுக்கொள்கிறார்கள்; உங்கள் பக்கத்திலேயே பேரகணி ஹெத்தையம்மன் திருவிழாவுக்கு வெள்ளை உடுத்தி நடந்து வருகிறவர்களை ஊரே கூடி அனுப்பி வைக்கிறது. நர்மதையிலும் முதல் காரியம் கரையில் நின்று சங்கல்பம் செய்துகொள்வதுதான். நம் கோயிலில் அர்ச்சனைக்குச் சங்கல்பம் செய்யும்போது குருக்கள் ‘ஸஹகுடும்பானாம்’ என்று சொல்வதை ஆயிரம் முறை கேட்டிருப்பீர்கள். குடும்பத்தோடு கூடியவர் என்று பொருள். வீட்டுக்கே தெரியாமல் கிளம்பி வந்துவிட்டு அந்தச் சொல்லுக்கு எப்படித் தலையாட்டுவீர்கள்?

கணக்கர் என்பதால் கணக்கையும் பார்த்துவிடுவோம். பணிக்கொடை என்பது ஆண்டுக்கு 15 நாள் ஊதியம், மாதத்துக்கு 26 நாள் என்று வகுத்து. 12 ஆண்டுக்கு ஏறக்குறைய ஏழு மாத அடிப்படைச் சம்பளம் வரும். அதில் ஐந்து மாதம் நடையிலேயே கரையும். திரும்பி வந்து, வயது நாற்பதில், வேறு தொழிற்சாலையில் வேலை கேட்டு நிற்க உங்களுக்குக் கையில் இருப்பது இரண்டு மாதம். பி.எஃப். பணம் உங்கள் மனைவியின் முதுமைக்கும் சேர்த்துப் பிடித்தம் செய்யப்பட்டது. அதில் கை வைக்காதீர்கள். நவம்பரில் கிளம்பினால் மார்ச், ஏப்ரலில் திரும்புவீர்கள். மகளின் பொதுத்தேர்வு அதற்குள் வந்துவிடும். தேதியைக் குறித்தபோது இது உங்கள் கண்ணில் படவில்லையா?

ஆகவே வேலையை விட வேண்டாம்; இந்த ஆண்டு போகவும் வேண்டாம். தேர்வு முடிந்து அடுத்து வரும் ஜனவரி, பிப்ரவரியில், உறைபனியும் வறட்சியும் சேர்ந்து கொழுந்து வரத்து குறைந்திருக்கும் நாளில், முதலாளியிடம் சம்பளமில்லா விடுப்பு கேட்டுப் பாருங்கள். மார்ச் மாதக் கணக்கு முடிப்புக்கு நாற்காலியில் இருப்பேன் என்று சொல்லிக் கேட்டால், 12 ஆண்டு உழைத்தவருக்கு மறுக்க மனம் வராது. பரிக்கிரமாவை ஒரே மூச்சில் முடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பகுதி பகுதியாக நடப்பதை ‘கண்ட பரிக்கிரமா’ என்கிறார்கள். மழைக்காலம் நான்கு மாதமும் ஓரிடத்தில் தங்கி, மரபுப்படி முழுச் சுற்றையும் முடிக்க 3 ஆண்டு, 3 மாதம், 13 நாள் ஆகும் என்பது பழைய கணக்கு. நதியை வலப்பக்கம் வைத்து, எங்கும் குறுக்கே கடக்காமல், கடலோடு கலக்கும் இடத்தில் மட்டும் படகேறி மறுகரை சேர்கிறவர்களுக்கு அவசரம் என்பது கிடையாது.

உடம்பைப் பற்றிக் கேட்டீர்கள். சமதளத் தரையில் நடந்த காலணி எதையும் சொல்லாது. மூன்று மணி நேர நடையில் கால் வீங்கும்; இறக்கத்தில் விரல் நுனி முன்னால் போய் இடித்து நகம் கறுக்கும்; அளவு சிறியது என்று அப்போதுதான் தெரியும், அதற்குள் கடைக்காரர் மாற்றித் தரும் கெடு எப்போதோ போயிருக்கும். மேட்டுப்பாளையம் வரைக்குமான 33 கிலோமீட்டர் மலைப்பாதை உங்கள் வாசலில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் பத்து கிலோமீட்டர் இறங்கி, பேருந்தில் திரும்புங்கள். முதுகில் முதலில் ஐந்து கிலோ, போகப் போக எட்டு. விடிந்த பிறகு கிளம்புங்கள், கரடியும் காட்டெருமையும் தேயிலைக்குள் நிற்கும் ஊர் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதெல்லாம் பிறகு. இன்று மாலை பீரோவைத் திறந்து, காலணியைப் பெட்டியோடு எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். மகள் தூங்கும்வரை காத்திருக்காதீர்கள். எல்லோரும் விழித்திருக்கும்போதே கூடத்தில் வையுங்கள். ரசீதைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட வேண்டாம். விலையைக் கேட்பார்கள், தள்ளுபடிக்கு முந்தைய விலையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.