பழைய புதுச்சேரியில் ஒரு நுவார் க்ரைம் தொடர் வந்தால் தேறுமா? டிரெய்லரிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

கேட்டிருப்பது இரண்டு விஷயம். பிரெஞ்சுக்காரர் காலத்துப் புதுச்சேரியைக் களமாக வைத்து ஒரு நுவார் (இருட்டும் நிழலுமாக, நல்லவர் கெட்டவர் கோடு கலங்கிய குற்றக் கதை) க்ரைம் தொடர் எடுத்தால் எடுபடுமா என்பது ஒன்று. டிரெய்லரை வைத்தே அதைக் கணிக்க முடியுமா என்பது இன்னொன்று. களம் அருமையான களம். ஆனால் எந்த ஆண்டில் கதையை வைக்கிறார்கள் என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. டிரெய்லரைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

பெரும்பாலானவர்களுக்கு முதலில் தோன்றுவது 1910-ஐ ஒட்டிய காலம். பாரதி 1908-லும் அரவிந்தர் 1910-லும் இங்கே வந்துவிட்டார்கள். 1911 ஜூனில் மணியாச்சியில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் சுடப்பட்ட பிறகு பிரிட்டிஷ் போலீஸின் உளவாளிகள் இந்தத் தெருக்களில் நிரம்பி வழிந்தார்கள். நல்ல கதைதான், ஆனால் அது உளவுக் கதை. அதில் யார் நல்லவர் என்பது முதல் காட்சியிலேயே முடிவாகிவிடும். நுவாருக்கு எல்லார் கையிலும் கொஞ்சம் கறை வேண்டும். அதற்குத் தோதான காலம் 1949 முதல் 1954 வரை.

காரணம் எல்லைக்கோடு. 1948-க்குள் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்துவிட்டது, புதுச்சேரியில் இல்லை. 1949-ல் இந்தியாவுக்கும் பிரெஞ்சு இந்தியாவுக்கும் இருந்த சுங்க ஏற்பாடும் முடிந்துபோனது. ஆக, கடலூர்க்காரர் ஒரு பாட்டில் பிராந்தியோடு திரும்பினால் குற்றம். புதுச்சேரி வியாபாரி கைக்கடிகாரத்தை மடியில் கட்டிக்கொண்டு எல்லை தாண்டினாலும் குற்றம். சாராயம், தங்கம், வைரம், வாசனைத் திரவியம் எல்லாமே கடத்தல் சரக்கு. வரைபடத்தைப் பாருங்கள்: புதுச்சேரி ஒரே துண்டாக இல்லை. பாகூர், நெட்டப்பாக்கம், வில்லியனூர், மண்ணாடிப்பட்டு என்று அன்றைய தென்னாற்காடு மாவட்டத்துக்குள் சிதறிக் கிடந்தது. ஒரு வரப்பைத் தாண்டினால் வேறு அரசாங்கம், வேறு போலீஸ், வேறு நோட்டு. அங்கே புழங்கிய ரூபாய் நோட்டை அச்சிட்டது இந்தோசீனா வங்கி. பாகூர்ப் பக்கம் ஒரு வயலில் பிணம் கிடந்தால், தலை ஒரு நாட்டிலும் கால் இன்னொரு நாட்டிலும் இருக்கலாம். இதைப் பயன்படுத்தாத எழுத்தாளருக்கு அந்தக் களம் எதற்கு?

எனவே டிரெய்லரில் நான் தேடுவது மஞ்சள் சுவரை இல்லை, சோதனைச் சாவடியை. விழுப்புரம் ரயிலில் மூட்டையைப் பிரித்துப் பார்ப்பது, கடலூர்ச் சாலையில் மாட்டுவண்டி வைக்கோலுக்குள் கம்பியை விட்டுக் குத்துவது, இப்படி ஒரு ஷாட் இருந்தாலே வீட்டுப்பாடம் செய்திருக்கிறார்கள் என்று நம்பலாம்.

அடுத்தது சட்டம். பெரும்பாலான தொடர்கள் கவிழப்போகும் இடம் இதுதான். 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஆனால் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தந்து, சட்டப்படி மாற்றம் நடந்தது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். இந்தியத் தண்டனைச் சட்டமும் குற்றவியல் நடைமுறைச் சட்டமும் 1963-ல்தான் இங்கே வந்தன. அதுவரை பிரெஞ்சு முறை. அதில் இன்ஸ்பெக்டர் தனி ராஜா இல்லை. விசாரணை நீதிபதி என்று ஒருவர் இருப்பார். சாட்சியை வரவழைப்பது, வாக்குமூலம் வாங்குவது, சந்தேகிக்கப்படுபவருக்குச் சாதகமானதையும் சேர்த்துத் திரட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. 1952-ல் நடக்கும் கதையில் ஒருவர் "எஃப்.ஐ.ஆர். போட்டாச்சா? முந்நூத்தி ரெண்டு போடு" என்றால், வசனம் எழுதியவர் சென்னையை விட்டு நகரவே இல்லை என்று அர்த்தம். ஒரு தமிழ் போலீஸ்காரர் துப்பறிகிறார், பிரெஞ்சு நீதிபதி கோப்பை மூடச் சொல்கிறார் என்றால் முரண்பாடு தானாகவே வந்துவிடும். வில்லனைத் தேடி அலைய வேண்டியதில்லை.

கதாநாயகனுக்கும் வெளியே போகத் தேவையில்லை. பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து சைகோன் வரை போய்த் திரும்பிய தமிழர்களை இங்கே சொல்தா என்பார்கள். கையில் பென்ஷன், மனசில் இந்தோசீனப் போர், ஊரில் பாதிப்பேருக்கு அவர்மேல் சந்தேகம். அமெரிக்க நுவாரில் போரிலிருந்து திரும்பி வருகிறானே, அவனுக்கு இணையான ஆள் இங்கேயே இருக்கிறார். பழைய பகை வேண்டுமென்றால் 1936 ஜூலை 30 இருக்கிறது. ஆலைத் தொழிலாளர்கள்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் இறந்த நாள். அன்று ஐந்து வயதில் அப்பாவை இழந்த பையனுக்கு 1952-ல் இருபத்தொன்று.

இரண்டாம் சீசனுக்கும் ஒரு யோசனை. 1962-க்குப் பிறகு ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. பென்ஷனும் பாரிஸும் ஒரு பிறப்புச் சான்றிதழில் தொங்குகின்றன என்றால், மேரியின், அதாவது நகராட்சி அலுவலகத்தின், பதிவேட்டில் ஒரு பக்கத்தைக் கிழிக்க எத்தனை பேர் தயாராக இருப்பார்கள்?

இனி கண்ணுக்குத் தெரியும் பிழைகள். கடற்கரைச் சாலையைக் காட்டும்போது கீழே கருங்கல் குவியல் தெரிந்தால் ஷாட் கெட்டது. அன்று அங்கே அகலமான மணல். 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கல் தடுப்புகள் போட்ட பிறகு தெற்கிலிருந்து வரும் மணல் தடைபட்டு வடக்கே கரை அரித்தது. கல் அதற்குப் பிறகுதான் வந்தது. காந்தி சிலையும் இணைப்புக்குப் பிறகு வந்தது. மேரி கட்டடம் 2014 மழையில் இடிந்து, 2021-ல் திரும்பக் கட்டித் திறக்கப்பட்டது. அதைக் காட்டுவதில் தப்பில்லை, ஆனால் அவ்வளவு பளபளப்பாக இருக்கக்கூடாது, உப்புக்காற்றில் சுண்ணாம்பு பொரிந்திருக்க வேண்டும். கடற்கரைச் சாலையை இன்றைய பெயரில் குபேர் சாலை என்று யாராவது சொன்னால் தவறு, அன்று அது கூர் ஷப்ரோல். அம்பாசிடர் கார் 1957-க்கு முன்னால் கிடையாது. சித்ரோயன் டிராக்ஷன் அவான் என்ற பழைய பிரெஞ்சுக் கார் கிடைத்தால் நல்லது. அதைவிட, பின்னாலிருந்து ஆள் தள்ள, உட்கார்ந்திருப்பவரே கைப்பிடியைத் திருப்பும் புஷ்-புஷ் வண்டி ஒன்று வந்தால் உள்ளூர்க்காரர்கள் கை தட்டுவார்கள். உடை, சிகை விஷயத்தில் இப்போதெல்லாம் யாரும் பெரிதாகச் சொதப்புவதில்லை.

ஒளிக்கு வருவோம். இங்குள்ள பழைய வீடுகளில் பலகை அடுக்கிய மர ஜன்னல்கள் உண்டு. நுவாரின் பட்டைப் பட்டையான நிழல் செட் போடாமலே கிடைக்கும். ஆனால் விளக்கை ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்தால் பட்டை கலங்கிவிடும். 15 செ.மீ. முகப்புள்ள ஃப்ரெனல் (லென்ஸ் வைத்த படப்பிடிப்பு விளக்கு) என்றால் ஜன்னலுக்கு வெளியே ஐந்தாறு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், நிழல் விழும் சுவர் ஜன்னலிலிருந்து ஒரு மீட்டருக்குள் இருக்க வேண்டும். விளக்கு முன்னால் ஒளியை மென்மையாக்கும் டிஃப்யூஷன் தாள் போட்டால் எல்லாம் பாழ். முகத்தின் இருண்ட பக்கம் மூன்று ஸ்டாப் (அதாவது எட்டில் ஒரு பங்கு ஒளி) குறைவாக இருந்தால் போதும். அதை நிரப்பி அழகுபடுத்தினால் அது சோப்பு விளம்பரம். கருப்பு வெள்ளையில் எடுப்பதாக இருந்தால் இன்னொரு சிக்கல்: மஞ்சள் சுவரும் வெள்ளை விளிம்பும் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாகிவிடும். நீல வடிகட்டி போட்டு மஞ்சளை இருட்டாக்கலாம், ஆனால் நம் நிறத் தோலும் சேர்ந்து கறுத்து முகம் காணாமல் போகும். சுவருக்கு வேறு சாயம் பூசுவதே வழி.

ஈரத் தெரு இல்லாத நுவார் ஏது? லாரித் தண்ணீர் அடித்துத் தெருவைப் பளபளக்க வைப்பார்கள். சுவரும் மரமும் காய்ந்திருக்க, தெரு மட்டும் நனைந்திருந்தால் கண் நம்பாது. கதையையே ஐப்பசி, கார்த்திகையில் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆட்சி கைமாறிய நவம்பர் 1-ம் அடைமழைக் காலம்தான். புகை போடுவதற்கு மாலை வேளை உதவாது, கடல்காற்று அடித்துக்கொண்டு போய்விடும். பின்னிரவில் காற்று ஓய்ந்து கரைக்காற்று மெல்ல வீசும்போதுதான் புகை தெருவில் நிற்கும். தெருவிளக்கு வெளுத்த நீலமாக எரிந்தால் அது இன்றைய எல்இடி. அன்றைய குண்டு பல்ப் 2700 கெல்வின், பழுப்பு மஞ்சள்.

கடைசியாக, டிரெய்லரை ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். அக்கார்டியன் மட்டும் ஒலித்தால் சுற்றுலாத் துறை விளம்பரம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆலைச் சங்கு, "முசே" (பிரெஞ்சில் ஐயா) என்று கூப்பிடும் குரல், கடலூர்ப் பக்கத்துத் தமிழும் புதுச்சேரித் தமிழும் பேரம் பேசும் சத்தம் கேட்டால், முதல் நாளே உட்கார்ந்து பார்க்கலாம்.