மண்ணைப் படிக்க இரண்டு வருடமா?

கேள்வி: பி.எஸ்சி. வேளாண்மை இறுதியாண்டு படிக்கிறேன். முதுநிலையில் மண்ணியல் எடுக்க ஆசை. ஆனால் வேதியியலில் என் மதிப்பெண் சுமார்தான். சீனியர்கள், 'பயிர் மரபியல் எடு, விதைக் கம்பெனியில் வேலை கிடைக்கும்' என்கிறார்கள். கரிசல் காட்டில் விவசாயம் பார்க்கும் அப்பாவோ, 'மண்ணைத் தெரிந்துகொள்ள இரண்டு வருடப் படிப்பா?' என்று சிரிக்கிறார். எனக்கு ஒரு வழி சொல்லுங்கள்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: உங்கள் அப்பா சிரிப்பதில் நியாயம் இருக்கிறது. மழை விட்ட எத்தனையாவது நாளில் உழவு ஓட்டலாம் என்று காலால் மிதித்துப் பார்த்தே அவர் சொல்லிவிடுவார். அந்தப் பதம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. ஆனால் உழுகிறவர் கண்ணில் அன்றாடம் படுவது மேல் அரையடி மண். நீங்கள் படிக்க நினைப்பது அதற்குக் கீழே இருப்பதையும் சேர்த்து.

கரிசலில் ஆள் இறங்கும் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி உள்ளே நின்று பாருங்கள். மேலே வெடிப்புகள், அவற்றின் வழியே மேல்மண் உதிர்ந்து உள்ளே இறங்கியிருக்கும். சற்றுக் கீழே கத்தியால் நெம்பினால் மண்கட்டி சாய்வாகப் பிளந்து வரும். பிளந்த முகம் எண்ணெய் தடவியது போலப் பளபளக்கும். ஈரத்தில் உப்பியும் காய்ச்சலில் சுருங்கியும் கட்டியோடு கட்டி உரசியதில் ஏறிய மெருகு அது. (கரிசலில் கட்டிய வீட்டுச் சுவர் விரிசல் விடுவதற்கும் இந்த உப்பல்தான் காரணம். கொத்தனாரை மட்டும் திட்டிப் பயனில்லை.) இன்னும் கீழே வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டிகள். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைத்துப் பொங்கும். அப்பா போடும் டி.ஏ.பி. உரத்தின் மணிச்சத்தில் (பாஸ்பரஸ்) கணிசமான பங்கு பயிருக்கு எட்டாமல் மண்ணிலேயே சிக்கிக்கொள்வதும், மக்காச்சோள இலையில் துத்தநாகப் பற்றாக்குறை தலைகாட்டுவதும் பெரிதும் இந்தச் சுண்ணாம்பின் வேலை. அந்தக் குழிக்குள் அரை மணி நேரம் நின்றும் உங்களுக்கு ஒரு கேள்விகூடத் தோன்றவில்லை என்றால், சீனியர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

வேதியியல் பயம் தேவையற்றது. கல்லூரி முதலாண்டில் உங்களை மிரட்டிய கரிம வேதியியல் வினைகளை இங்கே தினமும் எழுதப் போவதில்லை. கரைசல் தயாரிக்கும் கணக்கு, கார அமில நிலை, களித்துகள் மீது அயனிகள் இடம் மாறும் விதம் – இவை கைவசம் இருந்தால் போதும். ஆய்வகத்து எண்ணை வயலுக்குக் கொண்டுவருவதும் பள்ளிக் கணக்குதான். ஒரு ஹெக்டேரில் 15 செ.மீ. ஆழம் வரை உள்ள மண் ஏறக்குறைய 22.4 லட்சம் கிலோ என்று வைத்துக்கொள்கிறார்கள். ஆகவே பத்து லட்சத்தில் ஒரு பங்கு சத்து என்றால் ஹெக்டேருக்கு 2.24 கிலோ.

உண்மையில் தேவைப்படுவது பொறுமை. மக்கிய பொருள்களால் மண்ணில் சேரும் கரிமக் கார்பனை அளக்க, 1934இல் வாக்லி, பிளாக் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட முறையே இன்றும் நம் ஆய்வகங்களில் நடக்கிறது. மண்ணில் பொட்டாசியம் டைகுரோமேட்டும் அடர் கந்தக அமிலமும் சேர்த்து அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். பிறகு பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து பெரஸ் அமோனியம் சல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கரைசலின் ஊதா கலந்த நீலம் ஒரே சொட்டில் பச்சையாகிவிடும். கை ஒரு கணம் அசந்தாலும் அந்த அளவு வீண். ஆய்வேடு எழுதும் பருவத்தில் இதையே மாதிரி மாதிரியாக, வாரக்கணக்கில் செய்வீர்கள். சலிப்பாகத்தான் இருக்கும். அதை மறைத்து உங்களை உள்ளே இழுக்க எனக்கு விருப்பமில்லை.

இனி வேலை. டி.என்.பி.எஸ்.சி. வேளாண்மை அலுவலர் பதவியோ வங்கி வேளாண் அதிகாரி பதவியோதான் குறி என்றால், முதுநிலையில் எந்தப் பாடம் எடுத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. இளநிலைப் பட்டமே அடிப்படைத் தகுதி. மண்ணியலுக்கென்று இருப்பவை உர நிறுவனங்கள், மண் பரிசோதனை நிலையங்கள், நிலவரைபடப் பணிகள், ஆராய்ச்சி. ஆராய்ச்சி என்றால் நாக்பூரில் தேசிய மண் அளவைப் பணியகம், போபாலில் மண்ணியல் நிறுவனம், கர்னாலில் உவர்மண் ஆய்வு நிறுவனம் என்று ஊர் விட்டு ஊர் போக மனம் வேண்டும், பெரும்பாலும் முனைவர் பட்டமும் வேண்டும். விதைக் கம்பெனி அளவுக்கு உடனடி வேலை இங்கே மலிந்து கிடக்கவில்லை. சீனியர்கள் அந்த மட்டில் பொய் சொல்லவில்லை.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். அடுத்த விடுமுறையில் அப்பாவையும் அழைத்துக்கொண்டு உங்கள் காட்டில் மண் மாதிரி எடுங்கள். வரப்போரம், மர நிழல், எருக்குவியல் கிடந்த இடம் மூன்றையும் விட்டுவிட்டு, பல இடங்களில் ஆங்கில 'வி' வடிவில் அரையடி வெட்டி, எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவாக்குங்கள். மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தால் மண்வள அட்டை வரும். அதில் உள்ள 12 அளவுகளையும் அப்பாவுக்குப் புரியும்படி உங்களால் விளக்க முடிகிறதா என்று பாருங்கள். எங்கே திணறுகிறீர்களோ, அங்கேதான் உங்கள் படிப்பு இருக்கிறது.

கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால், சேர்ந்த முதல் வாரமே, 1909 முதல் நடந்துவரும் நிரந்தர உரப் பரிசோதனைப் பாத்திகளைப் போய்ப் பாருங்கள். எந்த உரமும் காணாத பாத்தியும் தொழுவுரம் பெறும் பாத்தியும் ஒரே வயலில் இருக்கின்றன.

கடைசியாக, விண்ணப்பம். அகில இந்திய முதுநிலை நுழைவுத் தேர்வில் மண்ணியல் 'இயற்பியல் அறிவியல்' (Physical Science) பிரிவுக்குள் வருகிறது. உழவியலும் மரபியலும் வேறு பிரிவுகள். எதற்கும் இருக்கட்டும் என்று உழவியல் பிரிவில் எழுதிவிட்டு, கலந்தாய்வில் மண்ணியல் கேட்டால் கிடைக்காது. அதனால் முடிவைத் தேர்வுக்குப் பிறகு தள்ளிப்போட வழியில்லை. விண்ணப்பப் படிவத்திலேயே எடுத்தாக வேண்டும். இந்த ஆண்டு அறிவிப்பில் பிரிவுகளைச் சரிபார்த்துவிட்டு நிரப்புங்கள்.