‘சரிங்க டாக்டர்’ என்ற பதிலோடு நின்றுவிடாமல்: நாட்பட்ட நோயாளிகளுடன் பேச மாணவர்களைப் பழக்குவது எப்படி?

கேள்வி: வடசென்னையில் உள்ள மருத்துவக் கல்லூரி ஒன்றில், சமூக மருத்துவத் துறையில் பணிபுரிகிறேன். காசிமேடு பகுதியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாணவர்களை அழைத்துச் செல்கிறேன். சர்க்கரை, இரத்த அழுத்த நோயாளிகளிடம் அவர்கள் அறிவுரைகளை ஒப்பிக்கிறார்கள். நோயாளிகளும் ‘சரிங்க டாக்டர்’ என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அடுத்த மாதமும் அதே அளவுதான். கிடைக்கும் சில மணி நேரத்தில் எதைக் கற்பிப்பது?

பதில்: உங்கள் மாணவர்கள் சொல்வதில் மருத்துவப் பிழை இருக்காது. ஆனால் வார்டில் அவர்கள் கண்டு பழகியது, மருந்தை நேரத்துக்குக் கொடுக்கச் செவிலியர் இருக்கும் சிகிச்சையை. சர்க்கரை நோயாளியோ மாதத்தில் சில நிமிடங்கள் மட்டுமே மருத்துவர் முன் அமர்ந்துவிட்டு, மற்ற நேரமெல்லாம் தம் சிகிச்சையைத் தாமே நடத்திக்கொள்கிறார். வளர்ந்த நாடுகளிலேயே நீண்டகால சிகிச்சையைச் சரிவரப் பின்பற்றுவோர் சராசரியாக 50 விழுக்காட்டினர்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் கூறியது. எனவே ஒன்றை மட்டும் கற்பிக்க நேரமிருந்தால், அறிவுரை கூறுமுன் நோயாளியின் ஒரு நாளை முழுமையாகக் கேட்டறியக் கற்பியுங்கள்.

விடியும் முன்பே மீன் ஏலத்துக்குப் புறப்படும் ஒரு பெண்மணியை எண்ணிக்கொள்ளுங்கள். சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையைக் காலையில் போட்டுக்கொள்ளும்படி அவருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. ஒரு டீயோடு அதை விழுங்கிவிட்டுக் கூடையைத் தூக்குகிறார். இரண்டு மணி நேரத்தில் கை நடுங்குகிறது, வியர்க்கிறது, படபடப்பு வருகிறது. நான்கு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடுகிறார். நோட்டில் ‘மருந்து ஒழுங்காக உட்கொள்வதில்லை’ என்று பதிவாகிறது. உண்மையில் அது அன்றைய முதல் முழு உணவோடு எடுக்க வேண்டிய மாத்திரை. அவருக்கு அந்த உணவு வியாபாரம் முடிந்து பத்து மணிக்குத்தான். “எழுந்ததிலிருந்து என்னென்ன செய்வீங்கம்மா, எப்போ சாப்பிடுவீங்க, மாத்திரை போட்டா உடம்பு என்ன பண்ணுது?” என்று ஒரு மாணவர் கேட்டிருந்தால் இது ஐந்து நிமிடத்தில் வெளிவந்திருக்கும். நேரத்தையோ அளவையோ மாற்றுவது மாணவரின் வேலையல்ல. கேட்டதை மருத்துவ அலுவலரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவருடைய வேலை.

கேள்வி கேட்டபின் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் கடினம். 1984இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நோயாளி பேசத் தொடங்கிய சராசரியாக 18 வினாடிகளில் மருத்துவர் குறுக்கிட்டிருந்தார். நம் ஓபி (புறநோயாளிகள் பிரிவு) வரிசையின் நெருக்கடியில் நிலைமை மேலாக இருக்குமென்று நான் நம்பவில்லை. மாணவர்களை இருவர் இருவராகப் பிரித்து, ஒருவர் பேசும்போது மற்றவர் கடிகாரத்தைப் பார்க்கட்டும்.

அடுத்து, நோயாளி தாமே தேர்ந்தெடுக்கும் ஒரே ஒரு மாற்றம். “உப்பைக் குறையுங்கள்” என்பது யாருக்கும் பயன்படாத வாக்கியம். “வாரத்துல நாலு நாள் கருவாடுன்னு சொன்னீங்க, அதை எத்தனை நாளாக் குறைக்க முடியும்?” என்று கேட்டால், “ரெண்டு நாளாக்கலாம்” என்ற பதிலாவது கிடைக்கும். அதைச் செய்துவிடுவோம் என்ற நம்பிக்கை பத்துக்கு எவ்வளவு என்றும் கேட்கச் சொல்லுங்கள். ஏழுக்குக் கீழே சொன்னால் இலக்கு பெரிது, இன்னும் சிறிதாக்க வேண்டும். முடிவில், “நான் தெளிவாச் சொன்னேனான்னு பார்க்கணும், வீட்டுல மருமககிட்ட இதை எப்படிச் சொல்வீங்க?” என்று கேட்டு, நோயாளியின் வாயாலேயே திரும்பச் சொல்ல வைக்க வேண்டும். ‘புரிஞ்சுதா?’ என்ற கேள்வியைத் தடையே செய்துவிடலாம். அதற்குத்தான் ‘சரிங்க டாக்டர்’ என்ற பதில் வருகிறது.

வகுப்பறையில் செய்ய ஒரு பயிற்சி உண்டு. மாணவர் ஒவ்வொருவரிடமும் ஒரு வாரத்துக்கான பெப்பர்மின்ட் மிட்டாய்களைக் கொடுத்து, காலை உணவுக்குப் பின் ஒன்று, இரவு எட்டு மணிக்கு ஒன்று எனத் தவறாமல் உட்கொண்டு குறித்துவரச் சொல்லுங்கள். அறிகுறியே இல்லாத இரத்த அழுத்தத்துக்கு ஆயுள் முழுக்க மாத்திரை போடுபவரின் நிலையைப் பற்றி அரைமணி நேரம் விரிவுரை ஆற்றுவதைவிட, வார இறுதியில் அந்தக் குறிப்பேட்டில் விடுபட்ட கட்டங்களே அதிகம் சொல்லும்.

உண்மையான முட்டுக்கட்டை தொடர்ச்சியின்மைதான். ஹெச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனை ஏறத்தாழ மூன்று மாதச் சர்க்கரை நிலையைக் காட்டுவது. மாணவரின் பணிச்சுற்று அதற்குள் முடிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு நோயாளியை ஒப்படைத்து, சுற்று முடிந்தபின்னும் மாதம் ஒருமுறை அவரைச் சந்திக்க அரைநாள் ஒதுக்க முடியுமா என்று துறைத் தலைவரிடம் கேட்டுப் பாருங்கள். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாகச் செல்லும் சுகாதாரத் தன்னார்வலருடன் ஒரு நாள் மாணவரை அனுப்புவதும் நல்லது. குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில் இன்சுலின் எங்கே இருக்கிறது, மண்பானைக்குள்ளா அடுப்படி அலமாரியிலா என்பது ஓபியில் உட்கார்ந்தால் தெரியாது.

மதிப்பெண்ணை நோயாளியின் சர்க்கரை அளவோடு இணைக்காதீர்கள். இணைத்தால் மாணவர் மீண்டும் அதட்டத் தொடங்குவார், நோயாளி பொய் சொல்லத் தொடங்குவார். அடுத்த அணி மாணவர் படித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடரும் வகையில், நோயாளியின் நாள் நடைமுறை, அவர் ஏற்ற இலக்கு, தடுத்தது எது ஆகிய மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதித் தரச் சொல்லி, அந்தப் பக்கத்துக்கு மதிப்பெண் கொடுங்கள்.