கேள்வி பதில்: பானட் சூடாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பழைய கார் வாங்குவது பற்றியவை. அதனால் மற்றவற்றை ஒதுக்கிவைத்துவிட்டு இதற்கே முழு இடத்தையும் கொடுத்துவிட்டேன்.

கேள்வி: ஒரே மாடல், ஒரே வருடம், கிட்டத்தட்ட ஒரே கிலோமீட்டர். இரண்டு கார் பார்த்திருக்கிறேன். ஒன்று மற்றதைவிட ஐந்தில் ஒரு பங்கு விலை குறைவு. அதையே வாங்கிவிடலாம்தானே?

அவசரப்படாதீர்கள். விற்பவர் சொல்லும் விலை பாதிக் கணக்குதான். வாங்கிய நாளிலிருந்து அடுத்த பன்னிரண்டு மாதத்தில் அந்தக் கார் உங்களிடம் என்னென்ன கேட்கப் போகிறது என்பது மீதிக் கணக்கு. நான்கு டயர், பேட்டரி, கிளட்ச், பிரேக் டிஸ்க், டைமிங் பெல்ட் (இஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் பட்டை) என்று ஒரு தாளில் எழுதி, இரண்டு காரிலும் எது எந்த நிலையில் இருக்கிறது என்று குறித்துப் பாருங்கள். மலிவான காரில் நான்கு டயரும் தேய்ந்து, கிளட்சும் வழுக்க ஆரம்பித்து, டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று யாருக்கும் தெரியாமல் இருந்தால், நீங்கள் மிச்சம் பிடித்ததாக நினைத்த அந்த ஐந்தில் ஒரு பங்கு ஆறே மாதத்தில் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடும்.

ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970-ல் பழைய கார் சந்தையை உதாரணமாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். காரில் என்ன கோளாறு என்று விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் பயந்துகொண்டு எல்லாக் காருக்கும் ஒரு நடுத்தர விலைதான் தர முன்வருவார். நன்றாக வைத்திருந்த காரின் உரிமையாளருக்கு அந்த விலை கட்டுப்படியாகாமல் அவர் ஒதுங்கிக்கொள்ள, சந்தையில் மோசமான கார்களே மிஞ்சும் என்பது அவர் வாதம். 2001-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு அவருக்கும் இன்னும் இருவருக்கும் கிடைத்தது. இதில் நமக்கு வேண்டிய விஷயம், சர்வீஸ் பில்களை ஒன்றுவிடாமல் சேர்த்துவைத்து, "மெக்கானிக்கைக் கூட்டிவந்து பாருங்கள்" என்று தானாகச் சொல்கிற உரிமையாளர் கிடைத்தால் அவருக்குக் கொஞ்சம் கூடவே கொடுக்கலாம். நான் கொடுத்திருக்கிறேன், வருத்தப்பட்டதில்லை.

கேள்வி: ஏழு வருடக் கார், மீட்டரில் 40,000 கிலோமீட்டர்தான் காட்டுகிறது. நம்பலாமா?

நம்பலாம், ஆனால் மீட்டரை மட்டும் பார்த்து அல்ல. எண் திரையில் தெரியும் மீட்டரையும் பின்னுக்குத் தள்ள முடியும். ஆனால் காரின் தேய்மானத்தை அப்படித் தள்ள முடியாது. டிரைவர் சீட்டில் நீங்கள் இறங்கி ஏறும் பக்கத்து ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள், அங்கே நுரை அமுங்கித் துணி நைந்திருக்கிறதா? பிரேக் பெடல், கிளட்ச் பெடல் ரப்பரில் வரிகள் இருக்கின்றனவா, வழவழவென்று தேய்ந்துவிட்டனவா? ஸ்டியரிங்கின் மேல்பாதி பளபளக்கிறதா? நாற்பதாயிரத்தில் இதெல்லாம் இவ்வளவு தேயாது. பெடல் ரப்பர் மட்டும் புத்தம்புதிதாக இருந்து மற்றதெல்லாம் பழசாக இருந்தால் இன்னும் சந்தேகப்பட வேண்டும்.

அப்புறம் டயர். பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 3521 என்றிருந்தால் 2021-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்த டயர். கார் 40,000 ஓடியது என்கிறார், டயரோ இரண்டாம் முறை மாற்றியது என்றால் கணக்கு எங்கேயோ இடிக்கிறது. பழைய சர்வீஸ் பில்களில் அந்தந்தத் தேதிக்குக் குறித்த கிலோமீட்டரைத் தேதிவாரியாக அடுக்கிப் பாருங்கள், நடுவில் எண் குறைந்திருந்தால் வேறு சாட்சியே வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குறைவாக ஓடியதாலேயே ஒரு கார் நல்ல கார் ஆகிவிடாது. மாதக்கணக்கில் நின்ற காரில் பேட்டரி செத்திருக்கும், ரப்பர் குழாய்கள் வெடித்திருக்கும், பிரேக் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்திருக்கும். நெடுஞ்சாலையில் சீராக ஓடி நேரத்துக்கு ஆயில் மாற்றிய ஒரு லட்சம் கிலோமீட்டர் காரும், தினமும் ஐந்து நிமிடம் மட்டும் ஓடி நின்ற நாற்பதாயிரம் கிலோமீட்டர் காரும் பக்கத்தில் நின்றால் நான் முதல் காரைத்தான் முதலில் திறந்து பார்ப்பேன்.

கேள்வி: எனக்குக் கார் பற்றி ஒன்றும் தெரியாது. நேரில் பார்க்கப் போகும்போது நானே செய்யக்கூடிய சோதனைகள் என்ன?

நிறைய இருக்கின்றன. எனக்கு இதில் பட்ட அனுபவமும் உண்டு. நான் முதன்முதலில் வாங்கிய பழைய காரை ஒரு மாலை நேரத்தில், மழை விட்ட சமயத்தில் பார்த்தேன். விற்பவர் எனக்கு முன்பாகவே வந்து இஞ்சினை ஓடவிட்டு வைத்திருந்தார். பாடி முழுக்க நீர்த்துளி, எல்லாம் மினுமினுவென்று இருந்தது. அன்றே முன்பணம் கொடுத்தேன். மறுநாள் காலையில் வீட்டு வாசலில் ஸ்டார்ட் செய்தபோது புகைக்குழாயிலிருந்து வெள்ளைப் புகை, அதில் ஒரு இனிப்பு வாடை. இஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் உள்ளே கசிந்து எரிகிறது, அதைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் என்ற அடைப்புத் தகடு போய்விட்டது. அந்த வாடை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

அதனால் முதல் விதி, பகல் வெளிச்சத்தில், காய்ந்த காரை, ஆறிய இஞ்சினோடு பாருங்கள். போனதும் பானட் மேல் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால் திரும்பி வந்துவிட்டு இன்னொரு நாள் போங்கள். ஆறிய இஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போதுதான் அது உண்மையைப் பேசும். சில இஞ்சின்களில் பெல்ட்டுக்குப் பதிலாக இருக்கும் டைமிங் செயின் தளர்ந்திருந்தால் முதல் சில விநாடிகளில் கலகலவென்று சத்தம் வரும், சூடானதும் அடங்கிவிடும். புகையைப் பாருங்கள். குளிர்ந்த காலையில் வெள்ளையாக லேசாக வந்து ஓரிரு நிமிடத்தில் மறைந்தால் அது வெறும் நீராவி, கவலை வேண்டாம். நிற்காமல் வந்தால் கூலண்ட். நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் எரிபொருள் தேவைக்கு மேல் போகிறது.

ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே, இஞ்சின் ஆறியிருக்கும்போது, ஆயில் மூடியைத் திருகி எடுத்து அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் நுரை ஒட்டியிருந்தால் தண்ணீர் ஆயிலில் கலந்திருக்கலாம். குறுகிய தூரமே ஓடும் காரில் ஈரம் படிந்து மூடியில் மட்டும் லேசாக இப்படி வருவதுண்டு, அதனால் ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கையும் உருவிப் பாருங்கள். அதிலும் அதே நிறம் என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

அடுத்து, சாவியைப் போட்டதும் இஞ்சின் ஓடுவதற்கு முன் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்குகள் எரியும். ஏர்பேக் விளக்கு எரிந்து சில விநாடியில் அணைய வேண்டும். அணையவில்லை என்றால் கோளாறு. ஆனால் எரியவே இல்லை என்றால் அது இன்னும் மோசம், விபத்தில் ஏர்பேக் வெடித்த பிறகு செலவை மிச்சப்படுத்த விளக்கையே யாரோ துண்டித்திருக்கலாம். இதைப் பலரும் கவனிப்பதில்லை.

பாடிக்கு, காரின் ஒரு மூலையில் குனிந்து கதவுகளின் வரிசையில் கண்ணை ஓட்டுங்கள். இடைவெளிகள் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். பானட்டைத் தாங்கும் போல்ட் தலைகளில் பெயிண்ட் உரிந்து ஸ்பேனர் பட்ட தடம் இருந்தால் அதைக் கழற்றியிருக்கிறார்கள். எல்லாக் கண்ணாடியிலும் மூலையில் சிறிய எழுத்தில் தயாரிப்புக் குறியீடு இருக்கும், ஒன்று மட்டும் வேறு வருடம் என்றால் ஏன் மாற்றினீர்கள் என்று கேளுங்கள். பெயிண்ட் கனம் பார்க்கும் சிறிய கருவி கிடைத்தால் ரொம்ப நல்லது. ஃபேக்டரி பெயிண்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் அளவில் இருக்கும், நசுங்கிய இடத்தைப் பட்டி என்ற பசையால் நிரப்பிப் பூசி மெழுகிய இடத்தில் அது பல நூறாக ஏறிவிடும். ஒரு கதவில் கீறலுக்காகப் பெயிண்ட் அடித்திருந்தால் அது குற்றமில்லை. கூரையிலும் கதவுத் தூண்களிலும் பட்டி இருந்தால் வேண்டவே வேண்டாம்.

வெள்ளத்தில் நின்ற காரைக் கண்டுபிடிக்க சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். வெளியே தெரியும் பகுதியைத் துவைத்திருப்பார்கள், உள்ளே சுருண்டிருக்கும் கடைசி முழத்தில் சேற்றுக் கோடு அப்படியே இருக்கும். ஸ்டெப்னி இருக்கும் பள்ளத்தில் வண்டல், சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டுகளில் துரு, மூக்கைத் துளைக்கும் வாசனைத் திரவியம், இவையும் அதே கதையைத்தான் சொல்லும்.

பிறகு ஓட்டிப் பாருங்கள், அரை மணி நேரமாவது. பாட்டை நிறுத்திவிடுங்கள். ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்தால் கார் ஒரு பக்கம் இழுக்கிறதா, பிரேக் அழுத்தினால் அதிர்கிறதா, மேட்டில் உயர் கியரில் ஆக்சிலேட்டர் கொடுத்தால் வேகம் ஏறாமல் இஞ்சின் மட்டும் இரைகிறதா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னது கிளட்ச் வழுக்குவதற்கு அடையாளம். இத்தனையும் செய்து மனதுக்குப் பிடித்திருந்தால், விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்குக்குக் கூலி கொடுத்துக் காரைத் தூக்கி அடியில் பார்க்கச் சொல்லுங்கள். காரின் கணினியில் பதிவான பிழைகளைப் படிக்கும் கையடக்க ஸ்கேனரை அவர் மாட்டும்போது, பழைய பிழைகள் அண்மையில் அழிக்கப்பட்டனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அழித்தபின் காரின் சுயசோதனைகள் முடிய சில நாள் ஓட்டம் பிடிக்கும், அதுவரை அவை முடியவில்லை என்றே ஸ்கேனர் காட்டும்.

கேள்வி: தினமும் ஐந்து கிலோமீட்டர்தான் ஓட்டுவேன். பழைய டீசல் கார் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

வேண்டாம். ஓரளவு புதிய டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரி எரிந்து சுத்தமாக அது சுமார் 600 டிகிரி வரை சூடாக வேண்டும், அதற்கு நீண்ட ஓட்டம் தேவை. ஐந்து கிலோமீட்டரில் அது நடக்காது, அடைத்துக்கொள்ளும், மாற்றச் செலவு அதிகம். பெட்ரோல் பாருங்கள்.

கேள்வி: நான் பெண், காரை வாங்குவதும் ஓட்டுவதும் நான்தான். ஆனால் விற்பவர்கள் உடன் வரும் தம்பியிடமே பேசுகிறார்கள். "இன்னொருவர் அட்வான்ஸோடு வந்துகொண்டிருக்கிறார்" என்று அவசரப்படுத்துகிறார்கள். பேரம் எப்படிப் பேசுவது?

உங்கள் கையில் ஒரு நோட்டும் டார்ச்சும் இருக்கட்டும். மேலே சொன்ன சோதனைகளை நீங்களே செய்து, ஒவ்வொன்றையும் அவர் கண்முன் எழுதுங்கள். டயர் குறியீட்டைச் சத்தமாகப் படித்துக் குறித்துக்கொள்ளும் ஒருவரிடம் பேசாமல் இருப்பது கஷ்டம். பேரத்தில் "கொஞ்சம் குறையுங்கள்" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காதீர்கள். "இரண்டு டயர் மாற்ற வேண்டும், டைமிங் பெல்ட் மாற்றியதற்கு பில் இல்லை, இந்த இரண்டுக்கும் விசாரித்த தொகை இவ்வளவு, அதைக் கழித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லுங்கள். அதற்குப் பதில் சொல்ல அவரிடமும் ஒரு கணக்கு இருக்க வேண்டும்.

அந்த "இன்னொருவர்" உண்மையாகவே வரலாம். வரட்டும், வாங்கட்டும். மெக்கானிக் பார்க்காமல் முன்பணம் கொடுக்க மாட்டேன் என்பதில் மட்டும் நகராதீர்கள். மெக்கானிக் பார்க்க வேண்டாம் என்று சொல்பவரின் காரை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். பதிவு ஆவணத்தில் உள்ள சேஸிஸ் எண்ணையும் (காரின் அடையாள எண்) காரில் பொறித்திருப்பதையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள், இப்போதைய கார்களில் அதில் எழுத்தும் எண்ணுமாக மொத்தம் 17 இருக்கும். கடன் பாக்கி இல்லை என்பதற்கும் எழுத்து வடிவில் ஆதாரம் கேளுங்கள்.

கேள்வி: பழைய எலக்ட்ரிக் கார்கள் மலிவாகக் கிடைக்கின்றனவே?

கிடைக்கின்றன, சில உண்மையிலேயே நல்ல பேரம். அதில் பெரும் மதிப்பு பேட்டரியில் இருக்கிறது. பல தயாரிப்பாளர்கள் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை குறைந்தது 70 சதவீதத் திறன் இருக்கும் என்ற அளவில் உத்தரவாதம் தருகிறார்கள். அதில் மிச்சம் எவ்வளவு, அது அடுத்த உரிமையாளருக்கும் செல்லுமா என்று முதலில் கேளுங்கள். பேட்டரியின் தற்போதைய திறனைச் சோதித்த அறிக்கை இல்லாமல் விலை பேசாதீர்கள்.

கேள்வி: போன வாரம்தான் வாங்கினேன். உங்கள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இனி என்ன செய்வது?

சரி, வாங்கியாயிற்று, பதற வேண்டாம். முந்தையவர் எப்போது மாற்றினார் என்பதற்கு பில் இல்லாத எதையும் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இஞ்சின் ஆயிலும் ஃபில்டரும் இந்த வாரமே, அடுத்து பிரேக் திரவம், கூலண்ட், ஏர் ஃபில்டர். காரில் இருப்பது டைமிங் செயினா பெல்ட்டா என்று கேளுங்கள். பெல்ட் என்றால் தயாரிப்பாளர் சொன்ன கெடுவைப் பார்த்து மாற்றிவிடுங்கள், பல இஞ்சின்களில் அது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி இஞ்சினே போய்விடும். பாதுகாப்புக் குறைபாட்டுக்காகத் தயாரிப்பாளர் திரும்ப அழைத்த மாடலா என்பதையும் சேஸிஸ் எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள், அந்த வேலையை வழக்கமாக இலவசமாகவே செய்து தருவார்கள்.

ஒவ்வொரு வேலைக்கும் தேதி, கிலோமீட்டர், என்ன மாற்றியது என்று ஒரு நோட்டில் எழுதி, பில்லோடு டேஷ்போர்டு பெட்டியில் வையுங்கள். நீங்கள் விற்கும் நாளில் வருபவர் முதலில் அதைத்தான் கேட்பார்.